கொண்டி இல்லாத கட்டில்

சகலை வீட்டுக் கூடத்தில் அலமாரி போலச் சுவரோடு ஒட்டி நின்ற பலகையை மாமனார் ஒரு கையால் பிடித்து இழுத்தார். பலகை மெல்ல இறங்கிக் கட்டிலாயிற்று. மெத்தையும் தலையணையும் வாரால் கட்டியபடி அதற்குள்ளேயே ஒளிந்திருந்தன. மாமனார் செருப்பைக்கூடக் கழற்றாமல் மல்லாந்து படுத்து, "டேய், படுக்கைன்னா இதுடா படுக்கை! பகல்ல சுவரு, ராத்திரி கட்டில். எவன்டா உனக்கு இந்த மூளையக் குடுத்தது?" என்று இளைய மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். கதவோரம் நின்றிருந்த மூத்த மாப்பிள்ளையின் வயிற்றில் அந்தச் சிரிப்பு ஒரு கங்கு போல விழுந்தது.

மூத்த மாப்பிள்ளையைக் கடைத்தெருவில் எல்லாரும் தராசுக்காரர் என்பார்கள். தெருக்கோடியில் ஒடுக்கமான ஒரு கடை. உள்ளே பிரித்துப் போட்ட தராசுகள், எடைக்கற்கள், எண்ணெய்க் கிண்ணம். மளிகைக் கடையிலோ இரும்புக் கடையிலோ தராசு முள் ஒரு பக்கம் இழுத்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இளைய மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களில் ஏறுவதும் இறங்குவதும் அவன் பிழைப்பு. அக்காவை இவர் கட்டினார், தங்கையை அவன் கட்டினான். அந்த வகையில் சகலை. மற்றபடி தன் வாழ்க்கையில் அப்படி ஒருவன் எதற்கு என்று தராசுக்காரருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவன் வருவதற்கு முன்னால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை என்றால் மாமனாரும் மருமகனும் கேரம் பலகையின் இரு பக்கமும் உட்கார்ந்துவிடுவார்கள். காய் குழியில் விழுந்தால் மாமனார் "ரைட்!" என்பார், விளிம்பில் நின்றுவிட்டால் "ஹோல்டான்!" என்பார். சின்ன வயதிலேயே தகப்பனைப் பறிகொடுத்த தராசுக்காரருக்கு அந்த இரண்டு வார்த்தைகளும் காதில் தேன். பிறகு இளையவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. கேரம் பலகைக்கு மூன்றாவதாக ஓர் ஆள் வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நாளில் மாமனாருக்கு அவன் "வாடா" ஆகிவிட்டான். தராசுக்காரர் மட்டும் இத்தனை வருஷம் கழித்தும் "வாங்க மாப்ள"தான். மரியாதை கொடுத்தே மனிதனைத் தள்ளி வைக்க முடியும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

இப்போது விஷயம் முற்றிவிட்டது. மாமனார் தனியாகக் குடியிருந்த வீட்டை இடித்துக் கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். இரண்டு மகள்களும் "எங்க வீட்டுக்கு வாங்கப்பா" என்று இழுத்தார்கள்.

"ரெண்டு வீட்டுலயும் இருந்து பாக்குறேன். எங்க உடம்புக்கு ஒத்துக்குதோ அங்க பையத் தொங்க விட்டுடுறேன்" என்று மாமனார் முடித்துவிட்டார்.

அந்தப் பை, அவர் கண்டக்டராக இருந்தபோது தோளில் மாட்டியிருந்த தோல் பை. இப்போது அதில் மூக்குக்கண்ணாடி, மாத்திரை, விசில் இருக்கும். அது எந்த வீட்டு ஆணியில் தொங்குகிறதோ அதுவே அவர் வீடு. தராசுக்காரர் வீட்டில் கூடம் ஒன்று, படுக்கையறை ஒன்று. அறையில் புருஷன், பெண்டாட்டி, பள்ளிக்கூடம் போகும் மகள். கூடத்தில் ஒரு கட்டில் போட்டால் நடக்க வழியில்லை. சகலை வீடும் அதே அளவுதான். ஆனால் அவன் முந்திக்கொண்டு சுவரில் கட்டிலை மாட்டிவிட்டான்.

இருவரும் வீட்டுக்குத் திரும்பி நடந்தார்கள். தெரு முனைக்கு வந்ததும் அவர் மனைவி கேட்டாள்.

"என்ன, மூஞ்சி ஒரு பக்கமா இழுக்குது?"

"அந்தக் கட்டில் கிரீச்சுன்னு கத்துது. கவனிச்சியா?"

"இல்லையே."

"ஸ்பிரிங். ஏதாவது பழைய ஸ்பிரிங்கப் புடிச்சு மாட்டியிருப்பான். நாலு மாசத்துல தொய்ஞ்சு போயிடும், பாரு."

"அது தொய்யறது இருக்கட்டும். உங்க வயித்துலேருந்து புகை வருது. பக்கத்துல நடக்கவே முடியல, கண்ணு எரியுது."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "நானும் ஒரு கட்டில் பண்றேன்" என்றார். "ஸ்பிரிங் கிடையாது. கத்தாது. சுண்டு விரலால இறக்கலாம்."

மறுநாளே கூடத்துச் சுவரில் பென்சிலால் கட்டிலைப் பக்கவாட்டில் நிஜ அளவுக்கு வரைந்தார். மனைவி வந்து பார்த்துவிட்டு, "சுண்ணாம்பு அடிச்ச ஈரம்கூடக் காயல" என்று தலையில் கை வைத்தாள். அவர் அட்டையில் சின்னக் கட்டில் ஒன்று வெட்டி, குண்டூசியால் சுவரில் குத்தி, சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எல்லாம் அந்த ஊசியில்தான் இருந்தது. அதுதான் அச்சு, அதில்தான் கட்டில் முழுக்கத் திரும்ப வேண்டும். தலைமாட்டு ஓரத்தில் குத்தினால், கட்டிலின் பாரத்தைத் தூக்க மலை போலக் கல்லை வைத்தாலும் பற்றாது. கொஞ்சம் உள்ளே தள்ளிக் குத்தினால், நிமிரும்போது தலைமாடு கீழே வந்து தரையை இடித்தது. அச்சை உயர்த்தினால் தரை தப்பியது. ஆனால் மாமனார் ஏணி வைத்து ஏற வேண்டியிருக்கும். சுவரிலிருந்து விலக்காமல் வைத்தால் மூலை சுவரைச் சுரண்டியது. அட்டை சல்லடையாகிப் போன பிறகு, எதையும் இடிக்காமல் சுழலும் ஓர் இடம் கிடைத்தது. அதைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டார்.

அச்சுக்கு இந்தப் பக்கம் கட்டில், அந்தப் பக்கம் தலைமாட்டுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி. பெட்டி நிறைய எடைக்கற்கள். தேய்ந்துபோய் அரசு முத்திரை கிடைக்காமல் கடையின் பின்பக்கம் கிடந்த இரும்புக் கற்கள் அவை. யோசித்துப் பார்த்தால் இது கட்டிலே அல்ல. ஒரு தட்டில் படுக்கையும் மறு தட்டில் கல்லும் வைத்த பெரிய தராசு. லிஃப்ட்காரனுக்கு இது வருமா? அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

இருந்தாலும் எதிராளியின் கையை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது என்று தோன்றியது. சகலை வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து அவன் வீட்டுக்குப் போனார். கொழுந்தியாள் காபி போட உள்ளே போனதும் கட்டிலை இறக்கி, அதற்கு அடியில் தலையை நுழைத்தார்.

"அத்தான், என்ன தேடுறீங்க?"

திடுக்கிட்டு எழுந்ததில் மண்டையில் சட்டம் இடித்தது. "கண்ணாடி விழுந்துடுச்சும்மா."

"கண்ணாடி உங்க மூக்கு மேலதான இருக்கு?"

"ஆமால்ல" என்றார். அவள் காபியை நீட்டிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். அதற்குள் பார்க்க வேண்டியதை அவர் பார்த்துவிட்டார். கட்டிலின் கால்மாட்டில் ஒரு கொண்டி. தரையில் ஒரு வளையம். கட்டிலை இறக்கியதும் கொண்டியை வளையத்தில் மாட்டி, தரையோடு பூட்டிவிடுகிறான்!

அவருக்குக் காபி இனித்தது. கொண்டி என்றாலே அவருக்கு ஆகாது. கடைக்கடையாகப் போய் அவர் பிடித்த கள்ளத் தராசுகளில் பாதி, தராசுத் தண்டை நகர விடாமல் எங்கோ மறைவாக ஓர் ஆப்போ நூலோ வைத்துக் கட்டியவைதான். முள்ளைக் கட்டிப் போட்டவன் எடை போடுகிறவன் அல்ல, திருடன். நல்ல தராசு தானாக நிற்க வேண்டும். "நிக்கத் தெரியாத கட்டிலு. அதான் சங்கிலி போட்டுக் கட்டி வச்சிருக்கான்" என்று அன்று மாலை மனைவியிடம் சொன்னபோது அவர் குரலில் ஒரு குதூகலம் இருந்தது.

எதிர்க் கடை வெல்டர் தடித்த தகடுகளையும், கட்டைவிரல் பருமன் அச்சுத் தடியையும், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பேரிங்கையும் பார்த்துவிட்டு, "அண்ணே, இது கட்டிலுக்குக் கீலா, இல்ல ரயிலுக்குச் சக்கரமா?" என்றார்.

"நீ பத்த வை. பேசாத."

முதல் தடவை மாட்டியபோது கட்டில் படுக்கை மட்டத்தில் அமைதியாக நின்றது. பாதி தூக்கிக் கையை எடுத்தால் தடாலென்று சுவர்ப்பக்கம் சாய்ந்தது. மனைவி பயந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். தராசுக்காரருக்குக் காரணம் உடனே பிடிபட்டது. பாரத்தின் நடு, அச்சுக்கு மேலே இருந்தால் தண்டு குப்புற விழும். கீழே இருந்தால் ஊஞ்சலாடும். அச்சிலேயே இருந்தால்தான் விட்ட இடத்தில் நிற்கும். பெட்டியை ஒரு விரற்கடை தாழ்த்தினார். ஊஞ்சலாடியது. கொஞ்சம் ஏற்றினார். மெத்தை, தலையணை, போர்வை எல்லாவற்றையும் வாரால் கட்டி வைத்து, ஈயத் துண்டுகளைப் பெட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டும் எடுத்தும் பார்த்தார். கடைசியில் ஒரு சாயங்காலம், கட்டிலை எந்தக் கோணத்தில் விட்டாரோ அந்தக் கோணத்தில் அது நின்றது. காற்றில், ஒன்றையும் பிடிக்காமல்.

மனைவிகூடக் கிட்டே வந்து ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "நல்லாத்தான் இருக்கு. பூட்டு கீட்டு ஒண்ணும் வேண்டாமா?" என்றாள்.

"நீயும் அவன் கட்சியா?"

ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் வரச் சொன்னார். மாமனார் சகலை வீட்டிலிருந்து, தோளில் தோல் பையோடு வந்தார். இந்த வாரம் இங்கே தங்கிப் பார்ப்பதாகப் பேச்சு. பையை எங்கே வைப்பது என்று அவர் தேடியபோது, அதற்கென்றே காலையில் அடித்து வைத்த புது ஆணியைத் தராசுக்காரர் காட்டினார். பை ஆணியில் ஏறியது. பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

"பாருங்க மாமா" என்று சுண்டு விரலை வைத்துக் கட்டிலை இறக்கினார். பாதியில் விரலை எடுத்தார். கட்டில் அப்படியே நின்றது. கொழுந்தியாள் "அய்யய்யோ" என்றாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துக் கால்மாட்டு விளிம்பில் வைத்தார். கட்டில் தூங்கி வழிகிற மாதிரி மெதுவாகக் கீழே வந்தது. தீப்பெட்டியை எடுத்துத் தலைமாட்டில் வைத்தார். மெதுவாக மேலே போயிற்று.

"ஹோல்டான்!" என்று கத்தினார் மாமனார். தராசுக்காரர் தீப்பெட்டியை எடுத்ததும் கட்டில் நின்றது. "ரைட்!" தீப்பெட்டியை வைத்ததும் நகர்ந்தது. மாமனார் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார். "நாப்பது வருஷம் பஸ்ஸுல கத்தியிருக்கேன் மாப்ள. ஒரு டிரைவரும் இவ்வளவு சொன்ன பேச்சு கேட்டதில்ல."

சகலை குனிந்து பேரிங்கைப் பார்த்தான், தகட்டைத் தடவினான். "அபாரம் அண்ணே. சத்தியமா என்னால இது முடியாது" என்றான். அவன் முகத்தில் பொய் இல்லை. அது வேறு தராசுக்காரருக்குக் கோபமாக வந்தது. பொறாமைப்படுவான் என்று எதிர்பார்த்திருந்தார். பிறகு சகலை கால்மாட்டுப் பக்கம் தேடினான். "கொண்டி எங்க?"

"கொண்டி எதுக்குங்க?" என்றார் தராசுக்காரர். மனம் கொதிக்கும்போதுதான் அவருக்கு அவனிடம் 'ங்க' அதிகமாக வரும். "தானா நிக்கிறதக் கட்டி வைக்கிற பழக்கம் நமக்கு இல்லைங்க."

"இல்லண்ணே, ஆள் பாரம்…"

"ஆள் படுத்தா கால் பக்கம்தான பாரம்? இன்னும் நல்லாத்தான அழுத்தும்? நீங்க உக்காந்து காபி குடிங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. மாமனார் நீட்டிப் படுத்தார். கட்டில் பாறை மாதிரி இருந்தது. புரண்டு படுத்தார், அசையவில்லை. தராசுக்காரர் நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் மனுஷன் படுத்துக்கொண்டே காபி குடிக்க முடியாது. மாமனார் எழுந்து, பின்னால் நகர்ந்து, தலைமாட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டிக்கொண்டார். அது கட்டிலின் அச்சுக்கு நேர் மேலே; அங்கே அவர் பாரம் கால் பக்கத்தை அழுத்தாது. அதை யாரும் கவனிக்கவில்லை.

"டேய், நீ ஏன்டா நிக்கிற? வா, இப்படி என் பக்கத்துல உக்காரு" என்று மாமனார் தன் இடப்பக்கத்தைத் தட்டிச் சகலையைக் கூப்பிட்டார்.

சகலை போய்த் தலையணை ஓரத்தில் உட்கார்ந்தான். மாமனார் அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, பழைய பஸ் கதை எதையோ அவன் காதில் சொல்ல ஆரம்பித்தார். இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

தன் கட்டில். தன் கூடம். தன் ஆணி. அதில் உட்கார்ந்துகொண்டு அவன் தோளில் கை. தராசுக்காரரால் தாங்க முடியவில்லை. காபித் தம்ளரோடு விறுவிறுவென்று போய், மாமனாரின் வலப்பக்கத்தில், சுவரை ஒட்டி மிச்சமிருந்த இத்தனூண்டு இடத்தில், கட்டிலின் கடைசித் தலைமாட்டில் இடித்துப் பிடித்து உட்கார்ந்தார். "என்ன கதை மாமா? எனக்கும் சொல்லுங்களேன்" என்றார்.

கால்மாடு எழும்பியது.

அவசரமே இல்லாமல், தீப்பெட்டிக்குக் கட்டுப்பட்ட அதே அடக்கத்தோடு எழும்பியது. மாமனாரின் நீட்டிய கால்கள் முதலில் மேலே போயின. "ஹோல்டான்!" என்றார் அவர், விளையாட்டு என்று நினைத்து. கால்கள் இன்னும் மேலே போயின. மூவரும் சரிந்து சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். காபி தராசுக்காரரின் சட்டையில் கொட்டியது. "ஹோல்டான்! ஹோல்டான்! யார்ரா டிரைவரு?"

"நான் எறங்கிடறேன் மாமா!" என்று தராசுக்காரர் எழப் பார்த்தார்.

"எறங்காதீங்கண்ணே!" என்று சகலை கத்தினான். "நீங்க எறங்குனா கால் பக்கம் தடாலுன்னு விழும். அவரு இடுப்பு போயிடும்!"

"டேய், எறங்காதடா!" என்று மாமனார் தராசுக்காரரின் கையைக் கெட்டியாகப் பிடித்தார்.

அவ்வளவு கலவரத்திலும் அந்த 'டா' தராசுக்காரரின் காதில் தனியாக விழுந்தது. தலைகீழாகத் தொங்கும் நேரத்தில் சந்தோஷப்படக் கூடாது என்று தெரியும். என்ன செய்வது, பட்டுவிட்டார்.

மூன்று ஆண்களும் முழங்கால் முகவாயில் இடிக்க அப்படியே இருந்தார்கள். அவர் மனைவி அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். கால்மாட்டு விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, தன் பாரத்தை மெல்லக் கொடுத்தாள். தங்கையும் வந்து சேர்ந்துகொண்டாள். கட்டில் இறங்கித் தரையில் கால் ஊன்றியது.

"ரெண்டு பேருமாச் சேந்து எங்கப்பாவச் சுவத்துல ஒட்டிட்டீங்களே" என்றாள் மனைவி. "இவரு சும்மா நின்னிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. யாரு பக்கத்துல யாரு உக்காந்தா இவருக்கென்ன?"

மாமனார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும் இடுப்பைத் தடவிக்கொண்டார். போகும் நேரத்தில் ஆணியிலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "வயசான இடுப்பு மாப்ள. தப்பா நெனைக்காதீங்க. இந்த வாரமும் சின்னவன் வீட்டுலயே படுத்துக்கறேன்." பழையபடி 'ங்க' வந்துவிட்டது.

புது ஆணி வெறுமனே நின்றது. இரண்டு நாள் தராசுக்காரர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கடையில் ஒரு தராசின் முள்ளைச் சரி செய்யும்போது கை நின்று நின்று போயிற்று. தராசில் ஆள் உட்கார மாட்டான். கட்டிலில் உட்காருவான், எங்கே வேண்டுமானாலும் உட்காருவான். இது ஒரு கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். அவருக்குத் தெரியாமல் போனதன் காரணம், கொண்டி சகலை வீட்டில் இருந்த பொருள் என்பதுதான். கொண்டியை ஒரு வெல்டரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். ஆனால் இறக்கினால் தானே பூட்டி, தட்டினால் தானே திறக்கிற நல்ல கொண்டி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். லிஃப்ட் கதவில்.

ஓர் அடுக்குமாடியின் மொட்டை மாடியில், மோட்டார் அறையில், எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருந்தான் சகலை. படியேறி வந்த தராசுக்காரருக்கு மூச்சு வாங்கியது.

"லிஃப்டுல வரலாமேண்ணே?"

"உன் லிஃப்ட நம்பி நான் ஏறுறதா?" என்றார். 'ங்க' எங்கோ படிக்கட்டில் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் கயிறுகளைப் பார்த்தார். "ஒரு கொண்டி வேணும்" என்றார் கடைசியில், ஏதோ பல் பிடுங்கினது போல.

சகலை சிரிப்பான் என்று காத்திருந்தார். அவன் சிரிக்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். "எடுத்துட்டுப் போங்கண்ணே. நானே வந்து மாட்டித் தர்றேன். சீக்கிரம் அவரக் கூட்டிட்டும் போங்க. எனக்கு வயிறு எரியுது."

"என்னது?"

"என் கட்டில்ல படுத்துக்கிட்டு உங்க கட்டிலப் பத்தியே பேசுறாருண்ணே. காலையில பால்காரர்ட்ட சொல்றாரு, 'என் பெரிய மாப்ள கட்டிலு, தீப்பெட்டிக்கு நிக்குது'ங்கிறாரு. சாயங்காலம் என் கட்டில இறக்குனா, 'இதென்னடா கிரீச்சுன்னு'ங்கிறாரு. நானும் ராப்பகலா உக்காந்துதான பண்ணேன்? ஒரு நாளாவது பால்காரர்ட்ட சொல்லியிருப்பாரா?"

தராசுக்காரருக்கு வெயிலில் வந்தவன் தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினது போல இருந்தது. ஆறுதல் சொல்ல வேண்டிய இடம் என்று தெரிந்தது. "கிரீச்சுன்னுதானே கேக்குது? பெருசா ஒண்ணும் இல்லியே" என்றார். முகத்தை எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் பல் தெரிந்துவிட்டது.

"சிரிக்காதீங்கண்ணே."

"சிரிக்கல."

அந்த வாரமே சகலை வந்து கொண்டியை மாட்டினான். தரையில் துளை போட்டு வளையம் இறக்கினான். நிமிர்த்தி வைக்கும்போது பிடிக்கச் சுவரில் மேலே இன்னொரு கொண்டி. கட்டிலை இறக்கினால் 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு யானை வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாலும் கால்மாடு அசையாது. இரண்டு பேருமே உட்கார்ந்து பார்த்தார்கள், நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு. கொண்டியைத் தட்டிவிட்டால் கட்டில் பழையபடி காற்றில் நின்றது.

மாமனார் பையோடு வந்தார். பை ஆணியில் ஏறியது. முதல் வேலையாகத் தீப்பெட்டி கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, "ஹோல்டான்", "ரைட்" எல்லாம் சொல்லிக் காட்டினார். ஒரு வாரம் ஓடியது. இன்னொரு வாரமும் ஓடியது. பை இறங்கவில்லை. மாத்திரை டப்பாக்கள் வெளியே வந்து ஜன்னல் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்துகொண்டன. இங்கேதான் என்று மாமனார் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எல்லாம் கிடைத்த மனுஷன் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். ஆனால் தினமும் படுக்கும் நேரத்தில் மாமனார் கட்டிலை இறக்குவார். 'டக்' என்று கேட்கும். உடனே, "ஆங், சின்னவன் போட்ட கொண்டி!" என்பார் திருப்தியாக. அறைக்குள் படுத்திருக்கும் தராசுக்காரருக்கு அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம், சகலை கூடத்துக்கு வந்து நடுவில் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருக்கும். அட்டையைச் சல்லடையாக்கினது இவர். பேரிங்கும் ஈயமும் இவர். கடைசிச் சத்தம் மட்டும் அவனுடையதா?

ஒரு மத்தியானம் மாமனார் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது, தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டும் கம்பளித் துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கொண்டியின் நாக்கு வந்து விழும் இடத்தில் பசை தடவி ஒட்டினார். இறக்கிப் பார்த்தார். கொண்டி பிடித்தது, சத்தம் இல்லை. பூனை நடந்தது போல இருந்தது.

மனைவி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "எதுக்கு இது?"

"சத்தம் கேட்டா மாமாவுக்குத் தூக்கம் கெடும்ல?"

"மாமாவுக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் சகலையும் கொழுந்தியாளும் வந்திருந்தார்கள். மாமனார் கொஞ்சம் படுக்கலாம் என்று கட்டிலை இறக்கினார். சத்தமில்லை. குனிந்து காதைக் கொடுத்தார். மறுபடி தூக்கி மறுபடி இறக்கினார். கால்மாட்டைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார்; பூட்டியிருந்தது. முகம் மலரச் சகலையைப் பார்த்தார்.

"டேய், பாத்தியா! பழகப் பழகச் சத்தமே இல்லாம விழுது. ஒரு பொட்டுச் சத்தம் இல்ல. சின்னவன் கைவேலைன்னா கைவேலைதான்!"

சகலை ஒன்றும் புரியாமல் விழித்தான். பிறகு குனிந்து பார்த்தான். கம்பளித் துண்டு கண்ணில் பட்டது. மெதுவாக நிமிர்ந்து தராசுக்காரரைப் பார்த்தான். அவர் மனைவியும் அவரையே பார்த்தாள். கொழுந்தியாளின் முந்தானை வாய்க்குப் போயிற்று.

தராசுக்காரர் வாயைத் திறந்தார். சொல்லிவிடலாம். சொன்னால், எதற்கு ஒட்டினீர்கள் என்று மாமனார் கேட்பார்.

"ஆமா மாமா" என்றார். "நல்ல கைவேலை."